பூட்டு இருக்கிறது, சாவி எப்படி?

ரவாங் வட்டாரத்தில் சம்பளத்தைக் கையில் எண்ணி வாங்கிய காலம் மலையேறிவிட்டது. பணம் வங்கிக்குப் போகிறது. அதைப் பார்ப்பதும் பிறருக்கு அனுப்புவதும் கைத்தொலைபேசியில் நடக்கிறது. சேமநிதிக் கணக்கும் அதில்தான், அரசாங்க உதவித்தொகைக்கு மனுப் போடுவதும் அதில்தான். பல வீடுகளில் படிக்கிற பிள்ளைதான் இவற்றைச் செய்து கொடுக்கிறது. "பூட்டுப் படம் இருக்குதம்மா, பயமில்லை" என்று பிள்ளை சொன்னால் தாயாரும் நிம்மதியாகிவிடுகிறார். அந்தப் பூட்டு எவ்வளவு தாங்கும்?

நாம் தட்டும் இரகசிய எண் வங்கியை அடைவதற்குள் எத்தனையோ கம்பிகளையும் கணினிகளையும் தாண்டுகிறது. வழியில் எவரும் படித்துவிடாதபடி அது புரியாத எழுத்துகளாக மாற்றி அனுப்பப்படுகிறது. முகவரியின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.' என்பதோடு 'எஸ்' என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் இந்த ஏற்பாடு உண்டு என்று பொருள். மறுமுனையில் இருப்பது நம் வங்கிதான் என்பது எப்படித் தெரியும்? நமக்கு அடையாள அட்டை இருப்பதுபோல இணையத் தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதை வழங்குவதற்கென்றே சில நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் கையொப்பத்தைப் பார்த்துத்தான் நம் கைத்தொலைபேசி நம்புகிறது.

கையொப்பமிடுகிறவரே அசட்டையாக இருந்துவிட்டால்? அது நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. டிஜிசெர்ட் சென்டிரியான் பெர்ஹாட் என்ற மலேசிய நிறுவனம் (இதே பெயரில் உள்ள அமெரிக்க நிறுவனம் வேறு) பலமில்லாத சாவியோடு 22 சான்றிதழ்களை வழங்கியிருந்தது 2011 நவம்பரில் அம்பலமாயிற்று.

பலமில்லாத சாவி என்றால் என்ன? இந்தச் சாவி இரும்பால் ஆனதல்ல, எண்ணால் ஆனது. 7-ஐயும் 13-ஐயும் பெருக்கினால் 91 என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். 91-ஐக் கொடுத்து, எவ்விரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டால் கொஞ்சம் தலையைச் சொறிய வேண்டும். அந்த எண் 155 இலக்கம் கொண்டதாக இருந்தால்? அதுதான் 512 பிட் சாவி. ஆனால் 1999-இலேயே ஆராய்ச்சியாளர்கள் நூற்றுக்கணக்கான கணினிகளைப் பல மாதங்கள் ஓட்டி அப்படிப்பட்ட எண்ணைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். 2015-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் அதே வேலையை வாடகைக் கணினிகளில் நான்கு மணி நேரத்தில், ஏறக்குறைய 75 அமெரிக்க டாலர் செலவில் முடித்தார்கள். இன்று இவ்வகைச் சாவிக்குக் குறைந்தது 2048 பிட், அதாவது 617 இலக்கம் வேண்டும் என்பது விதி. பூட்டு உடையும் என்று உலகத்துக்கே தெரிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அதே பூட்டைக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சிறு தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விளைவும் சிறியதல்ல. செர்டாங்கில் உள்ள மார்டியை அறிந்திருப்பீர்கள். நெல், பழவகை, காய்கறி ஆராய்ச்சி செய்யும் அரசாங்க நிலையம். அதன் சான்றிதழைக் கொண்டு கையொப்பமிட்ட ஒரு நச்சு நிரலைப் பின்லாந்தின் எப்-செக்யூர் நிறுவனம் அந்த 2011 நவம்பரில் கண்டுபிடித்தது. மார்டியின் கையொப்பம் இருந்ததால் அது நல்ல நிரல்போலக் கணினிக்குள் நுழைய முடிந்தது. சான்றிதழ் திருடு போயிற்று என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. நெதர்லாந்தின் பாக்ஸ்-ஐ.டி. நிறுவனத்தாரோ, திருடவே வேண்டியதில்லை, 512 பிட் சாவியைக் கணக்குப் போட்டே எடுத்திருக்கலாம் என்று கருதினார்கள். போதாக்குறைக்கு, இன்ன வேலைக்கு மட்டும் என்ற வரம்பும் அச்சான்றிதழ்களில் எழுதப்படவில்லை. லாரி ஓட்டும் உரிமத்தைக் காட்டி விமானம் ஓட்டலாம் என்பதுபோல!

மைக்ரோசாப்டும் மோசில்லாவும் அந்த நிறுவனத்தின் சான்றிதழ்களை இனி நம்புவதில்லை என்று அதே மாதத்தில் அறிவித்தன. அந்தத் தடை மக்களின் கணினிகளுக்கு எப்படி வந்தது தெரியுமா? நாம் சலிப்போடு தள்ளிப் போடுகிறோமே, அந்தப் 'புதுப்பித்தல்' வழியாகத்தான். புதுப்பிக்காதவரின் கணினி பழைய கையொப்பத்தை நம்பிக்கொண்டே இருந்திருக்கும். பூட்டும் முறைகளுக்கும் வயதாகிறது: 1999-லும் 2006-லும் வந்த இரண்டு முறைகள் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன. ஆகவே புதுப்பித்தல் நின்றுபோன பழைய கைத்தொலைபேசியைப் பாட்டு கேட்க வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலைக்கு வேண்டாம்.

'இந்த இணைப்பு பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வந்தால், பிள்ளை 'தொடரலாம்' என்பதை அழுத்த விடாதீர்கள். முதலில் கைத்தொலைபேசியில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி தவறினால் நல்ல சான்றிதழும் காலாவதியானதுபோலத் தோன்றும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. திருடனும் தன் தளத்துக்கு முறையான சான்றிதழ் வாங்கலாம்; இலவசமாகவே கிடைக்கிறது. வழியில் எவரும் படிக்கவில்லை என்பதற்குத்தான் பூட்டு சாட்சி. வீட்டுக்காரன் யோக்கியன் என்பதற்கு அல்ல. அதனால் குறுஞ்செய்தியிலும் வாட்சாப்பிலும் வரும் இணைப்பைத் தொடாமல், வங்கியின் முகவரியை நீங்களே எழுத்து எழுத்தாகத் தட்டுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கிக்கோ 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்துக்கோ தொலைபேசியில் சொல்லுங்கள்.

கூகுள் 2021-இல் நடத்திய ஆய்வில் பூட்டுப் படத்தின் சரியான பொருளை அறிந்தவர்கள் 100-க்கு 11 பேர்தான். 2023 செப்டம்பரில் அந்நிறுவனம் தன் குரோம் உலாவியிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.