காலி டேங்க்

பெட்ரோல் டேங்க் என்பது ஒரு தகரப் பெட்டி. ஓட்டை விழுந்தால் அடைப்பதும், அடைக்க முடியாவிட்டால் மாற்றுவதும் பட்டறைக்காரர் வேலை. அதைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பழைய அமெரிக்க பிக்அப் வண்டிகளைப் புதுப்பிப்பது பற்றிப் படித்த பிறகுதான், நம் பௌதிக, இரசாயன வகுப்புகளில் பாதி அந்தப் பெட்டிக்குள் கிடப்பது தெரிந்தது.

செவர்லே பிக்அப்பை எடுத்துக்கொள்வோம். 1972 மாடல் வரை அதன் டேங்க் ஓட்டுநர் அறைக்குள்ளேயே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சுமார் 75 லிட்டர் பெட்ரோலில் சாய்ந்துகொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார்கள்! 1973 மாடலில் அதை வெளியேற்றி, சேஸிஸ் சட்டத்துக்கு வெளிப்புறம், பக்கவாட்டில் தொங்கவிட்டார்கள். கழுதைக்குப் பொதி கட்டுவதுபோல இருபுறமும் ஒவ்வொன்று வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு. மொத்தம் 40 காலன், அதாவது ஏறத்தாழ 150 லிட்டர். ஆனால் பக்கத்திலிருந்து வேறொரு வண்டி மோதினால் குறுக்கே தடுக்க இரும்புச் சட்டம் இல்லை, வெளித்தகடு மட்டுமே. தீப்பிடித்து உயிர்கள் போயின.

1993 பிப்ரவரியில் அட்லாண்டாவில் ஒரு ஜூரி, 17 வயதுப் பையன் ஒருவனின் மரணத்துக்காக 10 கோடி டாலருக்கும் மேல் வழங்கும்படி தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அது மேல்முறையீட்டில் ரத்தாயிற்று. இதற்கிடையில், என்.பி.சி. தொலைக்காட்சி 1992இல் காட்டிய மோதல் சோதனையில், தீப்பற்றுவதற்கென்றே கருவி பொருத்தப்பட்டிருந்தது அம்பலமாகி, அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த ஒரு பொய், உண்மையான கேள்வியையே பின்னுக்குத் தள்ளிவிட்டது என்பது என் எண்ணம். 1994 டிசம்பரில் வண்டிகளைத் திரும்பப் பெறாமலே அரசு விசாரணை முடிந்தது. ஆகவே, பழைய டேங்கைக் கழற்றுகிறவர் அதே இடத்தில் புதியதை மாட்டுவதா, பின்புறம் இரு சட்டங்களுக்கு நடுவே கொண்டுபோவதா என்று தாமே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. இதே நிறுவனத்தின் பிளேசர் வண்டியில் டேங்க் அங்கேதான் இருந்தது. எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்றால், நான் பின்புறத்தையே சொல்வேன்.

டேங்க் ஏன் கெடுகிறது? உருக்குத் தகட்டின்மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு இருக்கும். பாதி நிரம்பிய டேங்க் பகலில் காற்றை வெளிவிட்டு, இரவில் ஈரக்காற்றை உள்ளிழுக்கிறது. ஈரம் நீராகி, பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்குகிறது. பூச்சு தேய்ந்த இடத்தில் துரு பிடிக்கிறது. இக்காலப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் நீரை இழுப்பதால் நிலைமை இன்னும் மோசம். துரு மேலோட்டமாக இருந்தால், ஒரு பிடி நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கி, பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவி, நன்கு உலர்த்தி, உட்பூச்சு கொடுக்கலாம். தகடே அரித்துப்போயிருந்தால் மாற்றுவதே சரி. இந்த வண்டிகளுக்குப் புது டேங்க் இன்றும் செய்து விற்கிறார்கள்.

பலரும் அப்படிச் செய்வதில்லை, வெல்டிங் வைக்கிறார்கள். இதன் விளைவை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் தெருமுனைப் பட்டறையில் ஒரு பெட்ரோல் பீப்பாயை அறுக்கப் போன அண்ணனிடம், "கழுவியாச்சாண்ணே?" என்று கேட்டேன். "காலிதானே தம்பி" என்றார். நான் டீக்கடை போய்ச் சேர்வதற்குள் சத்தம் கேட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, முகத்தில் தழும்பு இன்றும் இருக்கிறது.

காலி என்பது நம் கண்ணுக்குத்தான். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் அது வெடிக்கும் கலவை. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமே குறைவு. இருக்கும் இடத்திலும் ஆவி அளவுக்கு மிஞ்சி நிற்கும். காலி டேங்கிலோ இரண்டும் தோதாகக் கலந்துவிடுகின்றன. அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மூடியைத் திறந்து வைத்தால் மேலே பறந்துவிடாது. வெயிலில் வைத்தாலும், மடிப்புகளிலும் துருவுக்கடியிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், வெல்டிங் சூடு பட்டதும் மீண்டும் ஆவியாகும். தண்ணீர் ஊற்றிவிட்டேன் என்பதும் முழு அபயமல்ல. மிச்சப் பெட்ரோல் தண்ணீரின் மேல்தானே மிதக்கும்? நீராவி செலுத்தி முறையாகச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் தருவது ஒன்றே வழி.

இனி, புது டேங்க் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரப்பர்க் குழாய்களையும் கட்டும் பட்டைகளையும் சேர்த்தே மாற்றவேண்டும். பெட்ரோல் முள்ளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த வண்டிகளில் டேங்க் மிதவையின் மின்தடை காலியில் 0 ஓம், நிறைவில் 90 ஓம். எர்த் வயர் துருப்பிடித்தால் அந்தத் துருவின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். டேங்கில் சொட்டுக்கூட இல்லாதபோதும் முள் நிறைவைக் காட்டும்! ஆகவே டேங்கை மேலே ஏற்றுமுன், எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய வெற்று இரும்பில் இறுக்கி, மிதவையைக் கையால் ஏற்றி இறக்கி, முள் கூடவே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். மேலே மாட்டிய பிறகு பார்த்தால், மறுபடி எல்லாவற்றையும் கழற்றவேண்டியதுதான்.