எந்த நாட்டுப் பிரஜை?



தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிராமங்களிலே “அவர் கண்டிக்குப் போனவர்” என்று சொன்னால், தலதா மாளிகை அமைந்த கண்டி மாநகருக்குப் போனவர் என்று பொருளல்ல. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, கம்பளை, மாத்தளை, அட்டன், பதுளை என விரிந்து கிடக்கும் மலைநாடு முழுவதையுமே அம்மக்கள் கண்டிச் சீமை என்று வழங்கினார்கள். கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தாம் இன்றைய மலையகத் தமிழர். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட பின்னர் இந்தப் போக்குவரத்து மேலும் பெருகிற்று.

அந்நாட்களில் வந்தவரிடம் ‘நீ எந்த நாட்டுப் பிரஜை?’ என்று எவரும் கேட்கவில்லை. கேட்கப்பட்ட ஒரே காகிதம் ‘துண்டு’. முந்திய தோட்டத்திற் கடன் பாக்கி இல்லை என்பதற்கு அத்தாட்சி அது. துண்டு இல்லாதவனுக்கு அடுத்த தோட்டத்திலே வேலை கிடையாது. அந்த முறை 1921இல் ஒழிந்தது. ஆயினும் காகிதம் ஒன்று மனிதனின் வாழ்வை நிருணயிக்கும் வழக்கம் அதனோடு ஒழிந்துவிடவில்லை.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தவர் என்று நிரூபித்தால்தான் வம்சாவளிப் பிரஜையாகலாம் என்பது அதன் சாரம். லயத்திற் பிறந்தவனுக்குத் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? அடுத்த ஆண்டிலே இந்தியர், பாகிஸ்தானியர் வதிவாளருக்கென்று தனிச் சட்டம் ஒன்று வந்தது. விவாகமானவர் 7 ஆண்டும், விவாகமாகாதவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன் இடைவிடாது இந்நாட்டில் வதிந்திருக்க வேண்டும். அதன் பின்னரும் வதிவு தொடர வேண்டும். ஒரே தடவையிற் 12 மாதத்துக்கு மேல் வெளிநாட்டிலே தங்கியிருந்தால் வதிவு அறுந்ததாகக் கொள்ளப்படும். நிச்சயமான வருமானமும் காட்ட வேண்டும். தாய் சாகக் கிடக்கிறாள் என்று திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ போய், ஓராண்டு கடந்து திரும்பியவனுக்கு அந்தப் பயணமே தடையாயிற்று.

இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்றது. பின்னர் மனம் மாறிற்று. 1951 ஓகஸ்ட் 5ஆந் திகதியோடு காலம் முடிகிறது என்றபோது எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றிலே ஏற்றுக்கொள்ளப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. இதற்கிடையிலே 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்குரிமையும் போயிற்று. 1947இல் நாவலப்பிட்டி உட்பட ஏழு தொகுதிகளிலே காங்கிரஸ் உறுப்பினரைத் தெரிந்தனுப்பிய மக்கள், ஐந்தாண்டுக்குள் தேர்தலை வேடிக்கை பார்ப்பவராயினர்.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கணக்கிடப்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்பது முடிவு. 1974இல் அந்த எச்சத்தையும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பகிர்ந்தனர். இரு அரசாங்கங்களும் தொகையைப் பேசின. தொகைக்குட்பட்ட மனிதரை எவரும் கேட்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். விண்ணப்பம் கோரிய வேளையிலே மக்களின் விருப்பம் தெரியவந்தது. இந்தியா செல்ல விரும்பியோர் ஏறத்தாழ 4 இலட்சம். இலங்கையிற் தங்க விரும்பியோர் 6 இலட்சத்துக்கு மேல். ஒப்பந்தத்தின் கணக்கு ஒரு பக்கம், மக்களின் மனம் மறுபக்கம்.

இதிலே ஒரு விசித்திரமான விதியும் இருந்தது. ஏழு பேர் இந்தியா சென்றால் நான்கு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்ற விகிதந்தான் அது. ஒரு காலத்தில் உண்மையாகவே கப்பலேறியோர் தொகையோடு அது பிணைக்கப்பட்டிருந்தது. ஒரே லயத்தில் முதற் காம்பராக் குடும்பம் மூட்டை கட்டினால்தான் மூன்றாங் காம்பராக் குடும்பத்துக்குப் பதிவு கிட்டும் என்ற நிலை. அயலவர் புறப்படுவதற்காக அழுவதா, தமக்கு வழி பிறந்ததென ஆறுதல் கொள்வதா என்று தெரியாத சங்கடம் அது.

இந்தியாவுக்குப் போவதென்று முடிவு செய்தோர் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தையே நாடினர். கண்டியிலே இந்திய அரசாங்கத்தின் முகவர் அலுவலகம் 1920களிலேயே ஏற்பட்டிருந்தது. கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பெற்ற பின்னர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வர வேண்டும். ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்ச வரம்பு 4 ஆயிரம் ரூபாவுக்குக் குறைக்கப்படலாகாது என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தது. 55 வயது வரையிலோ புறப்படும் நாள் வரையிலோ வேலையில் நிற்கலாம் என்ற ஏற்பாடும் இருந்தது.

முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். கலஹாப் பக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனுக்கு ஊர் நினைவு உண்டு. பங்காளிகளின் பெயரும் குலதெய்வக் கோயிலும் தெரியும். மகன் அந்த ஊரைக் கண்டதில்லை. மருமகளின் பெற்றோர் இலங்கைக்கு எழுதிவிட்டார்கள். பேரப்பிள்ளை பெற்றாரின் கணக்கோடு சேர்ந்து போகும். மூத்தவள் ஒரு நாட்டுக்கும் இளையவள் மறு நாட்டுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ! இதிலே சுய விருப்பம் எவ்வளவு, நெருக்கடி எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டியது. காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின; கண்டிப் பகுதித் தோட்டங்கள் பல ஜனவசம, உசவசம என்னும் அமைப்புகளின் கைக்கு மாற, அங்கிருந்து வெளியேற்றப்பட்டோர் பலர். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மிச்சமிருந்த தயக்கத்தையும் அகற்றின. சிலர் கடல் கடவாமல் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்து, அங்கே மீண்டும் காடு வெட்டத் தொடங்கினர்.

மற்றையோர் பேராதனைச் சந்தி வழியாகத் தலைமன்னாருக்கு ரயிலேறினர். அங்கிருந்து ‘இராமானுஜம்’ கப்பல் இராமேஸ்வரத்துக்கு. பிறகு மண்டபம் முகாம். இம்முகாம் முன்னொரு காலத்திலே கண்டிச் சீமைக்கு ஆள் அனுப்பிய முகாம் என்பதை நேயர்கள் மறக்கலாகாது. பாட்டன் வெளியேறிய வாசலாலேயே பேரன் உள்ளே புகுந்தான்.

அங்கே என்ன காத்திருந்தது? தாயகம் திரும்பியோருக்கென்று திட்டங்கள் இல்லாமலில்லை. நீலகிரியிலே கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின; அவை பின்னர் ‘டான்டீ’ என்னும் கழகமாயின. கன்னியாகுமரி மாவட்டத்திலே ரப்பர்த் தோட்டம் இருந்தது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காக 1969இல் ‘ரெப்கோ’ வங்கி தோன்றிற்று. ஆனால் தேயிலைத் தோட்ட வேலை கிடைத்தோர் ஒரு பகுதியினரே. பெரும்பாலோருக்குக் கிடைத்தது 5 ஆயிரம் ரூபா வரையிலான வியாபாரக் கடன். விடியற்காலைப் பிரட்டுக்குப் போய், கொழுந்து பறித்து, நிறுவை பார்த்துப் பழகியவரிடம் ‘கடை வை’ என்றால் அவர் என்ன செய்வார்? கடன் கரைந்தது, இடைத்தரகர் பெருத்தனர். குளிர்மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சமவெளியின் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. பலர் தாமாகவே மலையேறி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலி தேடிச் சென்றனர். கொடைக்கானல் மலையிலே அவர்களிற் சிலர் கொத்தடிமைகளாக இருந்தமை 1980களிலே வெளிப்பட்டது. இந்நாட்டிலே ‘இந்தியாக்காரன்’ என்று அழைக்கப்பட்டவன் அங்கே ‘சிலோன்காரன்’ ஆனான்.

ஆயினும் போனோர் எல்லோரும் நொந்துபோயினர் என்று சொல்வது நியாயமாகாது. கூடலூரிலே சிறு காணி திருத்தி வாழ்வோரும் உண்டு. பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியோரும் உண்டு. வன்செயலுக்கு அஞ்சாமல் உறங்கும் இரவுக்கும் ஒரு விலை உண்டல்லவா? ஆனால் அரசாங்கத் தோட்டத்திலே குடியேறியவருக்கு வீடு தொழிலோடு வந்தது. தொழில் முடிந்ததும் வீடு யாருடையது என்ற கேள்வி எழுந்தது. கண்டியின் லயத்திலே விட்டுவந்த அதே கேள்வி அது.

போர் மூண்டு 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுடன் பல்லாயிரவர் இங்கேயே தங்கிவிட்டனர். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் சிக்கலிற் பெரும்பங்கை அவிழ்த்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வதியும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை அளித்தது. அவ்வாண்டு முடிவிலே பத்தே நாட்களில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பத்திரம் பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு பத்து நாளில் தீர்ந்ததென்றால், மனமிருந்தால் இதை முன்னரே செய்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

இனி எஞ்சியிருப்பது காணி. இந்திய உதவியுடன் மலையகத் தோட்டங்களில் முதலில் 4 ஆயிரம் வீடுகளும், 2017இல் அறிவித்தபடி மேலும் 10 ஆயிரம் வீடுகளுமாகத் தனி வீட்டுத் திட்டம் வகுக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம். வாக்குச்சீட்டும் அடையாள அட்டையும் பெற்றுவிட்ட எத்தனையோ குடும்பங்கள் இன்னமும் லயத்துக் காம்பராவிலிருந்தபடியே அந்த 7 பேர்ச்சுக்கு உறுதிப் பத்திரம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன.