புகலிடம் தேடி வந்தோருக்கான மருத்துவ வசதிகள்: விருத்தாசலம் வட்டார நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்கும்

இலங்கையிலிருந்து புகலிடம் தேடி வந்து கடலூர் மாவட்டத்தின் மறுவாழ்வு முகாம்களிலோ விருத்தாசலம் நகரில் வாடகை வீட்டிலோ வாழும் நீங்கள் நோயுற்றால், அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதற்கு இந்தியக் குடியுரிமை தேவையில்லை. புறநோயாளிச் சீட்டுக்குப் பெயர், வயது, முகவரி ஆகியவை போதும். கையில் அட்டை இல்லை என்பதற்காகவோ, யாரேனும் விசாரிப்பார்களோ என்னும் அச்சத்தாலோ மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆவணங்கள் முக்கியமாவது காப்பீட்டுக்கே. அது பற்றிக் கீழே காணலாம்.

சட்டத்தின் நிலை

1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை; அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கு இல்லை. ஆயினும் அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பு உயிர்வாழும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டும் என வரையறுக்காமல் எல்லா நபர்களுக்கும் வழங்குகிறது. அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த மற்றொரு வழக்கில், அவசர நிலையில் வரும் நோயாளிக்கு உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்க அரசு மருத்துவமனை தவறுவது இவ்வுரிமையை மீறுவதாகும் என்றும் தீர்ப்பளித்தது. காயமுற்றவருக்கு உயிர்காக்கும் முதல் சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்பது 1989ஆம் ஆண்டின் தீர்ப்பு.

ஒன்றை மறைக்காமல் கூறுவது நல்லது. வெளிநாட்டவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் அவர்களைப் பற்றிய விவரத்தைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் கூறுகிறது. எனவே உள்நோயாளியாகச் சேரும்போது உங்கள் நாடு குறித்துக் கேட்கப்படலாம். உண்மையையே கூறி, முகாம் பதிவு அடையாள அட்டையைக் காட்டுங்கள். விவரம் தெரிவிக்கும் கடமை சிகிச்சையை மறுக்கும் அதிகாரம் ஆகாது.

மருத்துவரிடம் பேசும்போது

இரு கரையிலும் தமிழே பேசப்படுவதால் இங்கு மொழிச் சிக்கல் இல்லை என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், நோயைக் குறிக்கும் சொற்களில்தான் இரு வழக்குகளும் வேறுபடுகின்றன. “ஒரு வாரமாக வருத்தம்” என்று நீங்கள் சொன்னால், உடல்நலமின்மை என்பது உங்கள் பொருள். தமிழ்நாட்டுச் செவிலியருக்கு அது மனத்துயரம். “சத்தி” என்பது இங்கு வாந்தி, “குளிசை” மாத்திரை, “தடிமன்” சளி அல்லது ஜலதோஷம், “முட்டு” இழுப்பு அல்லது ஆஸ்துமா, “நாரி நோ” இடுப்பு வலி. முதியோரை அழைத்துச் செல்லும் பராமரிப்பாளர் இச்சொற்களை விளக்கிக் கூறினால் தவறான மருந்து எழுதப்படுவதைத் தவிர்க்கலாம். எந்த மாத்திரை என்பதை வாயால் சொல்வதைவிட, பழைய மாத்திரை அட்டையையே எடுத்துச் செல்வது சிறந்தது.

காப்பீடு: ஆவணம் தேவைப்படும் இடம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியலிடப்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்கும் உயர் சிகிச்சைகளுக்கும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இத்திட்டம் பாதுகாப்பளிக்கிறது. ஏனையோருக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாம்களில் பதிவுபெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு இல்லை. அட்டை பெற, முகாம் பதிவு ஆவணங்களுடன் கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகுங்கள்.

தகுதி முகாம் பட்டியலை வைத்தே தீர்மானிக்கப்படுவதால், பட்டியலில் உள்ள சிறு பிழையும் சிகிச்சை வேளையில் பெருந்தடையாகும். முகாம் பதிவேட்டில் “சிவராசா” என்றும் மருத்துவமனைச் சீட்டில் “சிவராஜா” என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிறுவுவதற்குள் அறுவைச் சிகிச்சைக்கான நாள் கடந்துவிடக்கூடும். திருமணமாகி வேறு முகாமிலிருந்து வந்த பெண்ணின் பெயர் பழைய முகாமிலேயே இருப்பதும், குழந்தையின் பெயர் எங்கும் சேர்க்கப்படாமல் இருப்பதும் இதைப் போன்றவையே. இவற்றை நோய் வந்தபின் சரிசெய்வது கடினம். உடல்நலத்துடன் இருக்கும்போதே முகாமுக்குப் பொறுப்பான வருவாய்த் துறை அலுவலரிடம் எழுத்து மூலம் திருத்தம் கோருங்கள். குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பின்னாளில் இலங்கைக் குடியுரிமைப் பதிவுக்கும் அந்தச் சான்றிதழே அடிப்படையாகும் என்பதால் இதில் அசட்டை வேண்டாம்.

முகாமுக்கு வெளியே, காவல் நிலையப் பதிவுடன் வாழ்வோர் முகாம் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆகவே மேற்கண்ட வருமான வரம்பு விலக்கு அவர்களைச் சென்றடைவதில்லை. நடைமுறையில் காணப்படும் மிகப் பெரிய இடைவெளி இதுவே. இத்தகையோர் தனியார் மருத்துவமனையில் கடன்பட்டுச் சேர்வதற்கு முன், அதே சிகிச்சை அரசு மருத்துவமனையில் கிடைக்குமா என்பதை 104 என்ற எண்ணில் கேட்டறிய வேண்டும். 2022 மார்ச் முதல் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடி வழியாக வந்து மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டோருக்கும், பிற நாடுகளிலிருந்து வந்து ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை வைத்திருப்போருக்கும் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சை உரிமை ஒன்றே.

சாலை விபத்தெனில் காப்பீட்டு அட்டையைத் தேட வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எந்த நாட்டவருக்கும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரம்புக்குட்பட்டு, அரசு ஏற்கிறது.

வெளியூருக்கு அனுப்பப்பட்டால்

விருத்தாசலம் அரசு மருத்துவமனையிலிருந்து கடலூருக்கோ, சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ நீங்கள் பரிந்துரைக்கப்படலாம். முகாமில் கணக்கெடுப்பு நடைபெறும் நாளில் இல்லாவிட்டால் மாதாந்திரப் பணக்கொடை நின்றுவிடுமோ என்று அஞ்சி, சேர்க்கைக்கு மறுப்பவர்களும் உண்டு. அவ்வாறு செய்ய வேண்டாம். பரிந்துரைக் கடிதத்தின் நகலை முன்னரே முகாம் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அவசரமாகப் புறப்பட நேர்ந்தால், சேர்க்கைச் சீட்டின் படத்தை உறவினர் ஒருவர் மூலம் அன்றே சேர்ப்பியுங்கள். புதுச்சேரி தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள ஒன்றியப் பகுதி என்பதால் அங்குச் செல்வோருக்கு இது இன்னும் அவசியம். திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி எனப்படும் விடுவிப்புச் சுருக்கத்தைத் தவறாமல் கேட்டுப் பெறுங்கள்.

பீங்கான் தொழிலில் இருப்போர்

விருத்தாசலத்தின் பீங்கான் கூடங்களில் தினக்கூலிக்குச் செல்வோர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். களிமண்ணிலும் பூச்சுக் கலவையிலும் உள்ள சிலிக்காத் தூசி, பல ஆண்டுகள் சுவாசிக்கப்படும்போது நுரையீரலில் தழும்புகளை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் குணமாவதில்லை. மேலும் வளராமல் தடுக்க மட்டுமே முயல முடியும். காசநோய் தொற்றும் வாய்ப்பையும் இது கூட்டுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்ச் சிகிச்சை முழுவதும் இலவசம். எந்தக் கூடத்தில், எத்தனை ஆண்டுகள், உலர்ந்த பொடியிலா ஈரக் களிமண்ணிலா வேலை செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். முகத்தில் கட்டும் துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்காது. கூடத்தைப் பெருக்கும் முன் நீர் தெளிப்பது பயனளிக்கும்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் பொருந்தும். இத்திட்டம் தொழிலாளியின் ஊதியத்தைப் பார்க்கிறதே தவிர, குடியுரிமையை நிபந்தனையாக்கவில்லை. முகாமுக்கு வெளியே வாழ்ந்து காப்பீடு இன்றி இருப்போருக்கு, குடும்பம் முழுமைக்கும் மருத்துவம் கிடைக்கும் வழி இது. உங்கள் ஊதியத்தில் 0.75 விழுக்காடு பிடித்தம் செய்யப்படுகிறதா என்று பாருங்கள். பிடித்தம் இருந்தால் உங்களுக்கு ஒரு காப்பீட்டு எண் இருக்க வேண்டும். அதனை உரிமையாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுவருகின்றனர். உங்கள் முகாமுக்கு அவர்கள் வரவில்லை எனில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவியுங்கள். உறக்கமின்மை, போர்க்கால நினைவுகள் திரும்பத் திரும்ப வருதல், எதிர்காலம் குறித்த ஓயாத கவலை ஆகியவற்றுக்கு டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். அவசர ஊர்திக்கு 108.