பாட்டியின் மனசு யார் கணக்கில்?

ஐம்பது பாட்டிகளை ஒவ்வொருவராக எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் படுக்கவைத்துப் புகைப்படங்களைக் காட்டினார் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மானிடவியலாளர் ஜேம்ஸ் ரில்லிங். 2021-ல் வெளியான ஆய்வு அது. பேரப்பிள்ளையின் முகம் வந்ததும், அடுத்தவர் உணர்ச்சியைத் தன்னுடையதாகவே உணரவைக்கும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாயின. அந்தக் குழந்தையின் அப்பாவையோ அம்மாவையோ காட்டியபோது வேறு பகுதிகள் முந்திக்கொண்டன. ‘இவர் மனசில் என்ன ஓடுகிறது’ என்று யோசித்துப் புரிந்துகொள்ள உதவும் பகுதிகள் அவை.

இவர்கள் பேரனைக் கொஞ்சிவிட்டு அனுப்பிவைக்கும் பாட்டிகள். அதே பேரன் ஒரு நாள் ராத்திரி துணிப்பையோடு வந்து, திரும்பிப் போகாமலே இருந்துவிட்டால்?

அமெரிக்காவில் அப்பா, அம்மா உடன் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் குழந்தைகள் சுமார் 24 லட்சம் பேர் என்கிறது ‘ஜெனரேஷன்ஸ் யுனைடெட்’ அமைப்பு. போதை, சிறை, மனநோய், மரணம் எனக் காரணங்கள் பல. பெற்றோரால் முடியாதபோது அரசே பொறுப்பேற்று, குழந்தையை வேறொரு வீட்டில் வளர்க்கும் ஏற்பாடு ஃபாஸ்டர் கேர். அதற்குள் இருந்தபடி உறவினரிடம் வளர்வது ஒரு குழந்தை என்றால், அதற்கு வெளியே உறவினரிடம் வளர்பவர்கள் ஏறத்தாழ 18 பேர்.

உள்ளே இருக்கும் குழந்தைக்கு மாத உதவித்தொகை உண்டு, வந்து பார்க்க அலுவலர் உண்டு. தகுதி பெற்ற உறவினருக்கும் அதே தொகையைத் தர வேண்டும் என்று 1979-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியே இருப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் பயனில்லை. இத்தனைக்கும் பல வீடுகளில் குழந்தையைக் கொண்டுவந்து விடுவதே குழந்தை நலத் துறை ஊழியர்தான். ‘நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா, வேறு யாரிடமாவது சேர்க்கட்டுமா?’ என்று கேட்டால் எந்தப் பாட்டி மறுப்பாள்? வழக்கு நீதிமன்றப் படியேறாமலே முடிந்துவிடும். சட்டப் பேராசிரியர் ஜோஷ் குப்தா-ககன் 2020-ல் இதை அமெரிக்காவின் மறைவான ஃபாஸ்டர் அமைப்பு என்றே எழுதினார்.

குழந்தைக்கு உறவினர் வீடு நல்லதுதான். அரசுப் பராமரிப்புக்குள் வந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய 102 ஆய்வுகளை அலசிய காக்ரேன் மதிப்பாய்வு (2014), அந்நியர் வீட்டில் வளர்பவர்களைவிட உறவினரிடம் வளர்பவர்களின் நடத்தையும் மனநலமும் மேல் என்றது. வளர்ப்பவர் நிலை வேறு. மெரிடித் மிங்க்லர் குழு 1997-ல் வெளியிட்ட தேசிய ஆய்வில், பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்களில் 25 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. மற்ற தாத்தா பாட்டிகளில் அது 14.5 சதவீதம்.

பணமுடை, தூக்கமின்மை, முட்டிவலி எல்லாம் சேர்ந்ததுதான் இது. ஆனால் ஆழமான காயம் வேறு. ஆள் உயிரோடு இருக்கும்போதே அவரை இழந்து நிற்கும் துயரத்தை உளவியலாளர் பாலின் பாஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மகள் செத்துப்போகவில்லை, அதனால் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. பிறந்தநாளுக்கு வருகிறேன் என்று போனில் சொல்கிறாள். பிள்ளை புதுச் சட்டையோடு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் வரவில்லை. அழும் பிள்ளையை அணைத்துத் தூங்கவைத்த பாட்டிதான், அடுத்த வாரம் அவள் வந்து கதவைத் தட்டினால் திறப்பதா வேண்டாமா என்றும் முடிவுசெய்ய வேண்டும். ரில்லிங் ஸ்கேனில் பார்த்த இரண்டு வகைப் பரிவும் இங்கே எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கிரெகரி ஸ்மித் குழு, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் 343 பாட்டிகளை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குப் பிள்ளை வளர்ப்புப் பயிற்சி. இன்னொன்றுக்கு எண்ணங்களைச் சீர்படுத்தும் சிபிடி சிகிச்சை. மூன்றாவதற்குத் தகவல் மட்டும். முதல் இரண்டும் பொதுவாகப் பலன் தந்தன, பாட்டிக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே. பாட்டியின் மனசைத் தேற்றினால் பிள்ளையின் அடமும் குறைகிறது என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. மூன்றாவது பிரிவுக்கு நடந்ததுதான் பெரும்பாலானவர்களுக்கு நிஜத்திலும் நடக்கிறது. கையில் ஒரு பிரசுரத்தைத் திணித்துவிட்டு அதை ‘ஆதரவு’ என்று சொல்லிக்கொள்ளாத அரசு அலுவலகம் உலகில் உண்டா, தெரியவில்லை.

சிகிச்சைக்குப் போகும் ஒரு மணி நேரம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2000-ல் வந்த தேசியக் குடும்பப் பராமரிப்பாளர் ஆதரவுத் திட்டத்தின் கீழ், ஃபாஸ்டர் கேருக்கு வெளியே பிள்ளை வளர்க்கும் உறவினர் மனநல ஆலோசனை பெறலாம், ஆதரவுக் குழுவில் சேரலாம்; கொஞ்ச நேரம் ஓய்வெடுக்க மாற்று ஆளும் கேட்கலாம். முதியோர் நலச் சட்டத்தில் பிறந்த திட்டம் என்பதால் ஒரு நிபந்தனை உண்டு: வளர்ப்பவருக்கு வயது 55 ஆகியிருக்க வேண்டும். அக்கா பிள்ளைகள் இருவரை வளர்க்கும் 38 வயதுச் சித்திக்கு அந்தக் கதவு திறக்க இன்னும் 17 வருஷம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதற்குள் கல்யாண வயசே வந்துவிடும்.