உண்மை தேடுவோன் தங்கிய மெஸ்

தமிழகத்தில் "மெஸ்" என்றால் சோறு போடும் இடம். கொல்கத்தாவிலோ அது ஒரு வீடு. முன்பின் அறியாத ஐந்தாறு ஆடவர் அறைகளைப் பங்கிட்டுக்கொண்டு, அடுப்பைப் பொதுவாக்கி, மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் பார்த்து முகம் சுளித்து வாழும் வீடு. லேக் கார்டன்ஸ் ரயில் நிலையத்துக்கு அருகே அத்தகைய மெஸ் ஒன்றில் நான் இரண்டாண்டுகளாக வாழ்கிறேன். கறிவேப்பிலைக்கு லேக் மார்க்கெட் போனால் போதும், மற்றபடி குறையொன்றுமில்லை.

வங்காளத்தின் புகழ்பெற்ற துப்பறிவாளனான பியோம்கேஷ் பக்ஷியும் இத்தகைய மெஸ் ஒன்றில்தான் வாசகருக்கு அறிமுகமானான் என்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்கார மாசிமாதான் சொன்னார். "துப்பறிவாளன் என்று சொல்லாதே, அவனுக்குப் பிடிக்காது. அவன் சத்தியான்வேஷி" என்று என்னைத் திருத்தவும் செய்தார். உண்மை தேடுவோன் என்று நாம் சொல்லலாம்.

சரதிந்து பந்தோபாத்யாய 1930-களின் தொடக்கத்தில் படைத்த பாத்திரம் இது. அவர் பம்பாய்த் திரையுலகுக்குச் சென்றதும் பியோம்கேஷ் பல்லாண்டுகள் உறங்கினான். 1950-களில் மீண்டும் எழுந்து, 1970-இல் ஆசிரியர் மறையும்வரை நடமாடினான். பிற்காலக் கதைகளில் அவன் நம் ஏரிக்கு அப்பால் கேயாத்தலாவில் வீடு கட்டிக் குடியேறுகிறான். முள்ளம்பன்றி முள்ளைக் கொண்டு கொலை செய்யும் ஒருவனை இந்த ஏரிக்கரைப் பகுதியிலேயே அவன் தேடுகிறான். அதைக் கேட்டபின் மாலையில் ஏரியைச் சுற்றி நடக்க எனக்குச் சற்றே கூச்சமாக இருந்தது உண்மை!

1993-இல் பாசு சட்டர்ஜி இக்கதைகளைத் தூர்தர்ஷனுக்காக இந்தியில் தொடராக்கினார். ரஜித் கபூர் பியோம்கேஷ். நண்பன் அஜித்தாக கே.கே. ரைனா. தொடரின் முதற்கதையான "சத்தியான்வேஷி"யைச் சென்ற மாதம் மாசிமாவின் கூடத்தில் அமர்ந்து பார்த்தேன். முடிவையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அறிய விரும்பாதவர்கள் இரண்டு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

கல்கத்தாவின் நெரிசலான பகுதியொன்றில் தொடர்ந்து கொலைகள் நிகழ்கின்றன. அங்குள்ள மெஸ்ஸில் அஜித் தங்கியிருக்கிறான். மெஸ்ஸை நடத்துபவர் அனுகூல் பாபு, ஹோமியோபதி மருத்துவர், ஏழை எளியவர்க்கு இனியவர். ஒருநாள் அதுல் சந்திர மித்ரன் என்றொருவன் இடம் கேட்டு வருகிறான். அறை காலியில்லை, அஜித் இரங்கித் தன் அறையில் பாதியைக் கொடுக்கிறான். பிறகு அதே மெஸ்ஸில் தங்கும் அசுவினி பாபு கொல்லப்படுகிறார். சந்தேகம் யார்மேல் விழும்? புதிதாக வந்தவன்மேல்தான். போலீசாரும் அதுலைக் கொண்டுபோகிறார்கள். அவன் சொன்ன பெயரும் பொய்ப்பெயர் அல்லவா!

ஆனால் அந்த அதுல்தான் பியோம்கேஷ். கொலைகாரர் அனுகூல் பாபு. மருந்துக்கடை மறைவில் நடந்தது கொக்கைன் வாணிபம். இதில் ஆசிரியரின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். வைத்தியர் வீட்டுக்கு எந்நேரமும் ஆள் வரலாம், பொட்டலம் வாங்கிப் போகலாம். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எதையும் ஒளித்துவைக்காமலே ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் ஏது? அசுவினி பாபுவோ, இரவில் சன்னல் வழியே தாம் கண்டதை யாரிடம் சொல்வதென்று தவித்து, நம்பிக்கைக்குரியவர் என்று அந்த வைத்தியரிடமே போய்ச் சொல்கிறார். அவர் உயிர் போனது அதனால்தான்.

நம்பிக்கைக்குரிய முகம் என்றதும் ஜெர்மானியரின் "டெரிக்" நினைவுக்கு வருகிறது. 1974 முதல் 1998 வரை 281 பகுதிகள். அத்தனையையும் எழுதியவர் ஹெர்பர்ட் ரைனெக்கர் என்னும் ஒரே மனிதர். முற்பகுதிகள் பலவற்றில் கொலைகாரன் யாரென்பது பார்ப்பவருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். மியூனிக் நகரத்து அதிகாரி டெரிக் அவனை எப்படி நெருங்குகிறார் என்பதே கதை. வேடம் தாங்கிய ஹோர்ஸ்ட் டாப்பர்ட் நேர்மையின் உருவமாகவே பல நாடுகளில் கருதப்பட்டார். அவர் இறந்து நான்காண்டுகளுக்குப் பிறகு, 2013-இல், இரண்டாம் உலகப்போரின்போது அவர் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்த செய்தி வெளியாயிற்று. இனி அத்தொடரை மறுஒளிபரப்புச் செய்வதில்லை என்று இஸட்.டி.எஃப். நிலையம் அறிவித்தது. 281 குற்றங்களில் இல்லாத திருப்பம்!

இனி எங்கள் மெஸ்ஸுக்கு வருகிறேன். சென்ற ஆண்டு, பொதுச்செலவுக்காக பிஸ்கட் டின்னில் போட்டுவைத்த மூவாயிரம் ரூபாய் காணாமற் போயிற்று. அப்போது புருலியாவிலிருந்து ஒரு மாணவர் புதிதாக வந்திருந்தார். அதிகம் பேசமாட்டார்; இரவில் மொட்டைமாடிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் தொலைபேசுவார். நாங்கள் அவரை ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிகளுக்குப் பூட்டு வாங்கினோம், அவ்வளவே. மாத முடிவில் அவர் அறையைக் காலி செய்தார்.

"சத்தியான்வேஷி" முடிந்ததும் மாசிமா தேநீர் வைக்கப் போனார். நான் மாடிக்கு ஏறிப் பழைய கணக்கு நோட்டை எடுத்தேன். பணத்தை எண்ணி டின்னில் வைத்தது முதல் தேதி. காணோம் என்று கண்டது ஒன்பதாம் தேதி. இடையில் யாரும் டின்னைத் திறந்து எண்ணியதாகக் குறிப்பே இல்லை. புருலியாக்காரர் வாடகை கொடுத்து உள்ளே வந்தது ஏழாம் தேதி! எட்டு நாளில் எந்த நாளும் பணம் போயிருக்கலாம். முதல் ஆறு நாளும் அவர் இந்த வீட்டிலேயே இல்லை. கண்ட நாளையே களவு நாளாக நாங்கள் ஐவரும் எடுத்துக்கொண்டோம். பொருளாதாரமும் புள்ளியியலும் படிக்கிறவர்கள் நாங்கள்!

அவர் எடுக்கவில்லை என்று இது மெய்ப்பிக்காது. எடுத்திருப்பார் என்று நாங்கள் எண்ணியதற்குப் புதியவர் என்பதைத் தவிர வேறு காரணமில்லை என்பதை மெய்ப்பிக்கிறது. அவரைவிட வாய்ப்பு மிகுந்தவர்கள் நாங்கள் ஐவர். அதில் நானும் ஒருவன்.

அவருடைய எண் என்னிடம் இருந்தது. மறுநாள் காலை அழைத்தேன். என்னை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கிறது தாதா. பணம் கிடைத்துவிட்டதா?" என்றார்.