தலைக்கணக்கும் சரக்குக் கணக்கும்



கடைக்கு வருகிறவர் எண்ணிக்கை கூடினால் நமக்கு மகிழ்ச்சிதான். இதில் ஒளிவுமறைவு எதற்கு? 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருச்சி நகர மக்கள் 1,04,721 பேர். 2011-இல் 8,47,387 பேர். இடையே 1994-இல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் மாநகராட்சியில் சேர்ந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். எப்படியும், காந்தி மார்க்கெட்டில் நள்ளிரவில் லாரிகள் சரக்கு இறக்குவதைப் பார்த்தவருக்குப் புள்ளிவிவரம் தேவையில்லை.

இத்தனை பேருக்கும் அரிசியும் பருப்பும் வெளியூரிலிருந்து வந்துவிடும். தண்ணீர் அப்படி வராது. நகரின் குடிநீருக்குக் காவிரி, கொள்ளிடப் படுகைக் கிணறுகளே ஆதாரம். ராமநாதபுரம் சீமைக்கும் இங்கிருந்துதான் குழாய் போகிறது. ஆற்று மணல்தான் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் கிடங்கு. அந்தக் கிடங்கையே வீடு கட்ட லாரி லாரியாக அள்ளினோம். நானும் அந்த மணலில்தான் வீடு கட்டினேன். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் மேலிருந்து புது மணல் வருவதும் குறைந்தது. வரவு குறைந்து பற்று கூடினால் என்ன ஆகும் என்பது பேரேடு எழுதும் நமக்குத் தெரியாததல்ல.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 1928-இல் கட்டிய கொள்ளிடம் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-இல் தொடங்கிய அணை அது. வயது ஒரு காரணம், மணல் அள்ளியது ஒரு காரணம் என்று ஊரே பேசியது.

மணல் திட்டும் நாணலும் போனால் நீர்நாய்க்கும் ஆமைக்கும் இடமில்லை. மேலணைக் காப்புக்காட்டில் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைக் காணலாம். கடையடைப்பு நாளில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

மக்கள் தொகை மேல் மட்டும் பழி போடுவது சரியல்ல என்பது என் கருத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்ய வேண்டிய அளவு 2.1. பிறப்பு குறைந்துவிட்டது, ஆனால் ஒவ்வொருவர் வாங்குவதும் எறிவதும் கூடிவிட்டது. இதில் நமக்கும் பங்குண்டு. ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் விற்கும் முறையைப் பரப்பியதே நம் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன்தான். ஏழைக்கும் எட்டிய பொருள்; நமக்கும் நல்ல வியாபாரம். அந்தக் காலி உறைகளெல்லாம் அரியமங்கலம் குப்பைமேட்டில் மலையாய்க் குவிந்தன.

2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். அபராதம் கடைக்காரனுக்கு, சரக்கை உறையிலிட்டு அனுப்பும் பெரிய கம்பெனிக்கு ஒன்றுமில்லையா என்ற கேள்வி இன்றும் நியாயமானதே. சங்கம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதுவரை ஒரு காரியம் செய்து பார்த்தேன். தூக்கு கொண்டு வந்தால் எண்ணெய் அளந்து தருகிறோம் என்று பலகை எழுதி வைத்தேன். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. இப்போது தெற்குச் சித்திரை வீதியிலிருந்து ஒரு பாட்டி மாதம் தவறாமல் வருகிறார். போன மாதம் மருமகளையும் கூட்டி வந்தார்.