இயக்குநர் சபையில் பெண்டிரும் சுற்றுச்சூழல் கணக்கும்

பம்பாய் மாநகரில், சென்னையிலிருந்து செல்லும் ரயில்கள் சில வந்தடையும் லோகமானிய திலகர் நிலையத்தை அடுத்து அமைந்தது திலக் நகர். அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், செம்பூரைத் தாண்டி, மாகுல் என்னும் கடலோரப் பகுதி இருக்கிறது. 1954, 1955-ஆம் ஆண்டுகளில் அங்கு இரண்டு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின. முதலாவது, பின்னாளில் எஸ்ஸோ எனப் பெயர்பெற்ற கம்பெனியால் நிறுவப்பெற்றது. 1974-இல் உருவான ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் கார்ப்பொரேஷன் என்னும் அரசு நிறுவனத்திடம் அது இன்று உள்ளது. மற்றொன்று பர்மா ஷெல் நிறுவியது. இன்று பாரத் பெட்ரோலியம் வசம் இருக்கிறது. காற்று தெற்கிலிருந்து வீசும் இரவுகளில் ஆலையின் வாடை எத்தகையது என்பதை அவ்வட்டாரத்தில் குடியிருப்போர் நன்கு அறிவர்.

2014 மார்ச்சு முதல் தேதியன்று ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் தலைவராகவும் நிர்வாக இயக்குநராகவும் நிஷி வாசுதேவா அம்மையார் பொறுப்பேற்றார். நம் நாட்டில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனமொன்றின் தலைமையை ஏற்ற முதற் பெண்மணி அவரே. 2021-இல் சோமா மண்டல் அம்மையார் இந்திய உருக்கு ஆணையத்தின் தலைவரானார். எனினும் இவை இன்னும் எண்ணி முடிக்கக்கூடிய நிகழ்ச்சிகளாகவே இருக்கின்றன.

அதே காலத்தில் சட்டமும் மாறியது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஒவ்வொரு கம்பெனியும், 100 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட மூலதனமோ 300 கோடி ரூபாய் விற்றுமுதலோ உள்ள பிற பொதுக் கம்பெனிகளும், இயக்குநர் சபையில் ஒரு பெண்ணையேனும் அமர்த்துதல் வேண்டும். உரிமையாளரின் மனைவியையோ மகளையோ அமர்த்திச் சட்டத்தை நிறைவேற்றியவர்கள் இருந்தனர் என்பது இரகசியமன்று. ஆகவே பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி வாரியம், கம்பெனியோடு உறவற்ற சுயேச்சையான பெண் இயக்குநர் ஒருவர் வேண்டும் என்று விதித்தது. 2019 ஏப்ரல் முதல் மதிப்பில் முதல் 500 கம்பெனிகளுக்கும், 2020 ஏப்ரல் முதல் முதல் 1,000 கம்பெனிகளுக்கும் இது கட்டாயமாயிற்று. அரசு எண்ணெய் நிறுவனங்கள் சிலவே இவ்விதிகளுக்கேற்ற இயக்குநர்கள் இல்லாமைக்காகப் பங்குச் சந்தைகளுக்கு அபராதம் செலுத்த நேர்ந்திருக்கிறது. நியமனம் செய்வது அரசேயன்றித் தாங்கள் அல்லர் என்பது அவற்றின் மறுமொழி. அது உண்மையே, ஆயினும் நாற்காலி காலியாகத்தானே கிடந்தது!

இனிச் சுற்றுச்சூழல் கணக்கைக் காண்போம். 2012-இல் முதல் 100 கம்பெனிகளுக்குச் செபி விதித்த பொறுப்பறிக்கை படிப்படியாக விரிந்தது. 2022-23 முதல் முதல் 1,000 கம்பெனிகளும் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை வெளியிடக் கடமைப்பட்டுள்ளன. செலவிட்ட எரிசக்தி, எடுத்த நீர், சேர்ந்த கழிவு, காற்றில் விட்ட கந்தக ஆக்சைடுகள், நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள், எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்கள் ஆகியவற்றை அதில் எண்ணிக்கையில் காட்டுதல் வேண்டும். அதே அறிக்கையின் முற்பகுதியிலேயே, இயக்குநர் சபையில் பெண்கள் எத்தனை பேர் என்னும் கேள்வியும் இடம்பெறுகிறது. ஒரே படிவத்தில் அமைந்த இவ்விரு விடைகளுக்கும் தொடர்பு உண்டா என்பதே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

அயல்நாட்டு ஆய்வாளர் சிலர் இதைச் சோதித்துள்ளனர். பிரிட்டிஷ் கம்பெனிகளைப் பற்றி 2015-இலும், கனடா நாட்டுக் கம்பெனிகளைப் பற்றி 2017-இலும் வெளியான ஆய்வுகள், சபையில் பெண்கள் மிகுதியாக உள்ள கம்பெனிகள் தம் கரிவாயு வெளியீட்டைப் பற்றித் தாமாகவே தகவல் வெளியிடும் போக்கு மிகுதி என்று கண்டன. ஒருவர் மட்டும் இருப்பது போதாது, குறைந்தது இருவர் இருந்தால்தான் குரல் எடுபடுகிறது என்பது கனடா ஆய்வின் குறிப்பு. ஆயினும் அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. பெரிய கம்பெனிகளும் பொதுமக்கள் கண்ணில் எப்போதும் படும் கம்பெனிகளும் பெண்களையும் மிகுதியாக நியமிக்கின்றன. அறிக்கையையும் விரிவாக வெளியிடுகின்றன. இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று கூறுதல் இயலாது. மேலும், அறிக்கை நீளுவது வேறு, புகை குறைவது வேறு.

மாகுல் இதற்குத் தக்க சான்று. அங்கு எண்ணெயும் இரசாயனங்களும் தொட்டிகளில் சேமிக்கப்படும்போதும், லாரிகளில் ஏற்றப்படும்போதும் பென்சீன், டொலுவின் போன்ற ஆவிகள் வெளியேறக்கூடும். இவை புகைபோல் கண்ணுக்குத் தெரியா. குடிமக்கள் 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினர். அங்குள்ள காற்று மாசு உடல்நலத்துக்குக் கேடு என்று 2015 டிசம்பரில் தீர்ப்பாயம் கண்டது. 2020 ஆகஸ்டில், மேற்கூறிய இரண்டு எண்ணெய் நிறுவனங்கள் உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள் ஏறத்தாழ 286 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. இரண்டாண்டுக் காலம் தலைமை வகித்த ஒருவரை இதற்குப் பொறுப்பாக்குதல் நியாயமாகாது. ஆலையும் தொட்டிகளும் அவர் காலத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்னரே எழுந்தவை. தலைமையில் ஒரு பெண் வந்ததும் காற்றுத் தானே தூய்மையாகும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை.

திலக் நகர் இல்லத்தரசி ஒருவர் இவ்வறிக்கையைப் படிக்க நேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்? முதலாவது, எண்கள் கம்பெனி முழுமைக்கும் உரியவை. ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு விசாகப்பட்டினத்திலும் ஆலை உண்டு. அதன் காற்றும் மாகுல் காற்றும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்துவிடும். தன் ஜன்னலுக்கு வெளியே உள்ள காற்றைப் பற்றி அந்த எண் நேரடியாக ஏதும் சொல்லாது. இரண்டாவது, ‘செறிவு’ என்று மொழிபெயர்க்கப்படும் அளவு. (வருவாய்க்கு ஈடான அளவு என்பதே பொருந்தும், எனினும் செறிவு என்ற சொல் நிலைத்துவிட்டது.) வெளியீடு 100 டன்னிலிருந்து 110 டன்னாக உயர்ந்து, வருவாய் 100-லிருந்து 125 ஆனால், செறிவு 12 சதவீதம் குறைந்ததாக அறிக்கை மகிழ்ச்சியோடு கூறலாம். ஆனால் 10 டன் மிகுதியாக உள்ளே இழுத்த நுரையீரலுக்கு அந்த 12 சதவீதத்தால் ஆறுதல் இல்லை.

மூன்றாவது, எண்களைச் சரிபார்த்தவர் யார் என்பது. முதன்மைக் குறியீடுகளை வெளியார் சோதித்து உறுதிகூற வேண்டும் என்று 2023-இல் செபி விதித்து, 2023-24-இல் முதல் 150 கம்பெனிகளிலிருந்து தொடங்கியது. 2025-இல், உறுதிகூறலுக்கு மாற்றாக மதிப்பீடும் போதும் என்று விதி தளர்ந்தது.

சுயேச்சையான இயக்குநரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. அவர் பெண்ணாயினும் ஆணாயினும், சபையில் அறிக்கை கையொப்பத்துக்கு வரும்போது, மாகுல் ஆலையின் எண்ணைத் தனியே காட்டுக என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அப்படிக் கேட்பவர் சபையில் தனித்திருந்தால் குறிப்பேட்டில் ஒரு வரியோடு அது முடிந்துவிடலாம். துணைக்கு இன்னொருவர் இருந்தால் அடுத்த கூட்டத்திற்கு விடை கொணர வேண்டி வரும்.